பால் சேராத பந்தி

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, அட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ் டிக்கோயாவில் எங்கள் வீட்டெதிரே வழக்கத்துக்கு மாறாக நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "டீச்சர், சமையல் முத்தையா அண்ணன் ராத்திரி போயிட்டாருங்க. மத்தியானம் எடுக்குறாங்களாம்," என்றார். அடுப்பிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை பார்த்தவர் முத்தையா அண்ணன். திருவிழாவோ கல்யாணமோ, பந்திச் சமையல் அவருடையதுதான். அவருடைய நெய்ச்சோற்றுக்கு அட்டன்வரை பேர். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன புதிதில் அதை ஒரு பிடி பிடித்திருக்கிறேன். "டீச்சருக்கு இன்னொரு கரண்டி வைங்க, கேக்க வெக்கப்படுறாங்க," என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

என் மகள் பிறந்த மூன்றாம் வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பால் வற்றிவிட்டது. அப்போது நாங்கள் குடியிருந்த தோட்டத்து வீட்டில் என் கணவர் டின் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தை கக்கிவிடும். எலும்பும் தோலுமான பிள்ளையைப் பார்த்து அவரே மனம் தளர்ந்துபோயிருந்தார். அண்ணன் தன்னிடமிருந்த ஒரே பசுவின் பாலைச் செம்போடு கொண்டுவந்து வைத்தார். காலையும் மாலையும், ஒரு நாள் தவறவில்லை. அதோடு விட்டாரா என்றால், இல்லை. "பாப்பா எந்திரிச்சு நடக்குற வரைக்கும் பாலு, தயிரு, நெய்யி எதையும் தொடமாட்டேன்னு அம்மன்கிட்ட சொல்லிட்டேனுங்க," என்றாராம் என் கணவரிடம்.

நெய்யால் பேர் வாங்கியவர் நெய்யை விடுவது சின்னக் காரியமல்ல. அடுத்து வந்தது ஆடித் திருவிழா. தான் ருசி பார்க்காததை ஊருக்குப் பரிமாற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி குதித்தார். "தயிரு இல்லாத பந்தியா? சாமி குத்தமாயிரும்யா."

"சாமி கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்பிவிடுங்க. சோறு போட்டு அனுப்புறேன்," என்றார் அண்ணன்.

நோர்வூட் கடைக்கார முஸ்லிம் நானா ஒரு மூட்டை தேங்காய் கொடுத்தனுப்பினார். ஊறவைத்த துவரம்பருப்பையும் பச்சரிசியையும் தேங்காய், சீரகம், பச்சைமிளகாயோடு அரைத்துக் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தார். அதுதான் அன்று மோர்க்குழம்பு. பாயசத்துக்குப் பாசிப்பருப்பை வறுத்து, தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவைத்து, கருப்பட்டி கரைத்தார். கெட்டியான முதல் பாலை மட்டும் சட்டி இறங்கும்வரை தொடவில்லை. "கொதிக்கிறப்ப ஊத்துனா திரிஞ்சிரும்," என்று எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னார். பெரிய கங்காணி அந்தப் பாயசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்தார். சாமி குற்றம் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

மகள் பதினாலாம் மாதம் நடந்தாள். விரதத்தை என் கையால் முடித்துவைக்க வேண்டுமென்று, பசும்பாலில் பாயசம் காய்ச்சித் தூக்குச்சட்டியில் எடுத்துப் போனேன். அண்ணன் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"டீச்சர், பாப்பா சோறு திங்க ஆரம்பிச்சதுலருந்து அந்தப் பாலு லயத்து வீடுகள்ல மூணு புள்ளைக்குப் போகுதுங்க. நான் மறுபடி தயிருக்கு உறை ஊத்துனா, எந்தப் புள்ளைக்கு நிப்பாட்டச் சொல்றீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற எனக்கு இது தோன்றவில்லையே. அந்தப் பாயசம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இருந்த குழந்தைகளுக்குப் போனது. அன்றிலிருந்து கடைசிவரை அவர் பந்தியில் பால் சேரவில்லை. முணுமுணுத்தவர்கள் உண்டு, எழுந்து போனவர்கள் இல்லை. உண்மையைச் சொன்னால், தயிர் இல்லாமல் எனக்கு இன்றும் சோறு இறங்காது. அதற்காக அவர் ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய உயிர் அவர் கொடுத்தது. இந்த நன்றியை அவர் இருக்கும்போது ஒழுங்காகச் சொல்லாமல் போனேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, வழக்கப்படி குழிக்குப் பால் ஊற்ற ஆண்கள் புறப்பட்டார்கள். அண்ணனின் மனைவி செல்லம்மா அண்ணி, செம்பை வைத்திருந்த தன் தம்பியை வாசலில் மறித்தார்.

"இது யாரு புள்ளைக்கு வச்சிருந்த பாலு?"

"மேல் லயத்துல குடுத்தாங்கக்கா. புள்ளைக்கு அப்புறம் பாத்துக்கிறோம்னாங்க."

"தண்ணிய ஊத்துங்க. அவருக்கு அது போதும்."

பெரியவர் ஒருவர், பால் ஊற்றாவிட்டால் ஆத்மா அலையும் என்று ஆரம்பித்தார். அண்ணி தம்பியிடம் கையை நீட்டினார். செம்பை வாங்கி என் கையில் கொடுத்தார். "டீச்சர், நீங்களே குடுத்துட்டு வாங்க."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் செம்பை மூடிக்கொண்டு மேல் லயத்துக்குப் படியேறினேன். பிள்ளை அழுவது வெளியிலேயே கேட்டது. அந்தப் பெண் பாலைக் காய்ச்சி ஆற்றும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுகை நின்றது.

அண்ணே, பிள்ளை குடித்துவிட்டது. நீங்கள் போய் வாருங்கள்.