கையை விடும் அட்டைகள்

கத்தரிக்கோல் அட்டையின் ஓரத்தை மயிரிழை பிசகாமல் வெட்டிக்கொண்டு வந்தது. மடித்த புதுச் சட்டைக்குள் வைத்திருக்கும் வெள்ளை அட்டை. துணிக்கடையில் வேலை பார்க்கும் கணவர் கொண்டுவந்து கொடுத்தது. வெட்டியவற்றை மேசையில் தட்டிச் சீராக்கி அடுக்கினார் பள்ளி நூலகப் பொறுப்பாளர்.

ஆறாம் வகுப்புக்கு வாரம் ஒரு நூலக நேரம் உண்டு. "டீச்சர், அந்தப் புக் எங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், இவர் எழுந்து போய் எடுத்துக் கொடுப்பார். இதைப் பார்த்துவிட்ட தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: வரும் வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் தானாகவே புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரம் கணக்குக்கு. கணக்கு வாத்தியார் அன்றே நூலக வாசலில் நின்று நாற்காலிகளை எண்ணிவிட்டுப் போனார்.

தூசி தட்டும் வேலைக்கு வந்து இந்த இடத்துக்கு உயர்ந்தவர் பொறுப்பாளர். ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களைத் தட்டிய கையோடு படித்தும் வைத்திருந்தார். முதலில் பரிசுக் கொள்கை: புத்தகத்தைக் கண்டுபிடித்தால் ஒரு காகித நட்சத்திரம். இரண்டே நாளில் பிள்ளைகள் இடைவேளைகளில் வந்து, புத்தகங்களைத் தாங்களே ஒளித்துவைத்துத் தாங்களே கண்டுபிடித்தார்கள். ஒருத்திக்கு நட்சத்திரம் ஒட்டக் கன்னத்தில் இடம் போதாமல் முழங்கை வரை போயிற்று.

அடுத்தது, கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விடும் கொள்கை. அதற்குத்தான் இந்த அட்டைகள். முதல் அட்டையில் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று நான்கு குறிப்புகள், அடுத்ததில் மூன்று. கடைசியில் புத்தகத்தின் பெயர் மட்டும்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. "இந்த அட்டைய படிச்சு சர்க்கரை டப்பாவ எடுங்க, பாப்போம்."

கணவரின் கை அலமாரிக்குப் போவதற்குள், "ஐயோ, இடது பக்கம்! மேல் தட்டுல! பின்னாடி, பின்னாடி!"

கணவர் அட்டையைக் காதில் வைத்துப் பார்த்தார். "அட்டை நல்லாத்தான் பேசுது. குரல்தான் அப்படியே உன் குரல் மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எல்லாம் கேலிதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், விஷயம் சுருக்கென்று தைத்தது. பிள்ளைகள் எங்கே இவர் கையைப் பிடித்திருந்தார்கள்? இவரல்லவா அவர்கள் கையை விடாமல் பிடித்திருந்தார்!

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் தட்டுத் தடுமாறி எடுத்துவிட்டார்கள். மிச்சம் நட்சத்திரக்காரி ஒருத்தி. கையில் கடைசி அட்டை. மண்புழுவைப் பற்றிய புத்தகம். சரியான அலமாரியைத் தாண்டிப் போனாள்.

பொறுப்பாளருக்கு நாக்கு துறுதுறுத்தது. துணியை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பளபளத்த சன்னல் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார்.

"டீச்சர், அந்தப் புக்..."

அவர் திரும்பவில்லை. பின்னால் காலடி, ஸ்டூல் இழுபடும் ஒலி.

"கெடச்சுடுச்சு! ஆனா இத ஏன் பறவை புக் பக்கத்துல வச்சிருக்கீங்க? தின்னுடாதா?"

தலைமை ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். "இந்த நேரம் உங்களுக்கேதான். அந்த அட்டைங்கள கொடுங்க. ஏழாம் வகுப்புக்கும் வேணும்."

பொறுப்பாளர் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினார். "முதல்ல நாலு குறிப்பு இருக்கிறத எடுத்து, அப்புறம்..."

"இருங்கம்மா, நானே கண்டுபிடிச்சுக்கறேன்."

வாயை மூடிக்கொண்டு பெட்டியை நீட்டினார்.