சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சு ராஜா

பக்கவாதம் வந்து என் வலது கையும் காலும் விழுந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. கை வரவில்லை. பிசியோதெரபி சொல்லித் தந்த பெண், தட்டில் பட்டாணியைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னாள். நாலு நாள் பொறுக்கினேன். ஐந்தாம் நாள் அந்தப் பட்டாணியைக் குருமா வைக்கச் சொல்லிவிட்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். மறுவாரம் பார்சலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஆயிரம் அட்டைத் துண்டுகள். சேர்த்தால் ஒரு படம். பெட்டி மூடியில் பழைய காலத்து பிரான்சு ராஜா ஒருவர் நின்றார். தலையில் மலை மாதிரி கறுப்பு முடி, தோளில் வெள்ளை ரோம அங்கி, கீழே வெள்ளைக் காலுறை போட்ட கால், சிவப்புக் குதிகால் வைத்த செருப்பு.

“முடிஞ்சா செய்ங்க அத்தை, இல்லேன்னா விட்டுருங்க” என்று போனில் சொன்னாள்.

அந்த ‘விட்டுருங்க’ எனக்குப் பிடிக்கவில்லை. துண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, எடுப்பதும் வைப்பதும் வலது கையால் மட்டும்தான் என்று முடிவு செய்தேன். முதல் நாள் மூன்று துண்டுகள் சேர்ந்தன. விரல் மடங்காமல் துண்டு நழுவி விழும், குனிந்து எடுப்பேன், மறுபடி விழும். ஒருநாள் என் வீட்டுக்காரர் போகிறபோக்கில் ஒரு துண்டைப் பொருத்திவிட்டுப் போனார். அதைப் பிடுங்கி வெளியே வைத்தேன்.

“சரியாத்தானம்மா வச்சேன்?”

“சரிதாங்க. ஆனா உங்க கைக்கு ஒண்ணும் ஆகலையே.”

அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

ராஜாவின் இரண்டு கால்களும் பாதி அங்கியும் முடிந்திருந்த சமயம், எரியோட்டிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்தார்; எனக்கு மதினி. அவர் மகனுக்குப் பார்த்த பெண் வீட்டார் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. நான் பிசியோதெரபி முடிந்து திரும்பும்போது மேசையில் இலை போட்டிருந்தது. என் ஐந்து வாரத்து வேலையை மதினி கலைத்துப் பெட்டியில் அள்ளிப் போட்டிருந்தார்.

“பத்திரமாத்தான் வச்சிருக்கேன், ஒண்ணும் தொலையல” என்றார். “சோத்துக்கு ஒரு வெஞ்சனம் வைக்கக் கை வரல, சின்னப்புள்ள விளையாட்டுக்கு மட்டும் வருதாக்கும்?”

வந்தவர்களோடு உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டேன். பெண்ணின் அம்மா அதைப் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை பெட்டியை அதே மேசையில் கவிழ்த்தேன்.

“மதினி, இது முடியிற வரைக்கும் இந்த வீட்டுல எல்லாருக்கும் தரையிலதான் சாப்பாடு. யாரு வந்தாலும் சரி.”

மதினி தன் தம்பியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

இரண்டரை மாதம் ஆனது. அங்கியில் ஒன்றுபோலவே இருந்த கறுப்புப் புள்ளிகள் என்னை அழ வைத்தன. முடி அதைவிட மோசம். நூறு துண்டும் கறுப்பு. ஆனால் முடிக்கு வருவதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்தன.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க மதினி வந்தபோது ராஜா முழுசாகக் கிடந்தார். மதினி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

“ஆம்பளையா இது? இம்புட்டு முடி?”

“ராஜா, மதினி.”

“கண்ணாடி போட்டு மாட்டிரு. வீணாப் போயிரும்.”

“மாட்டிட்டா கைக்கு வேலை இல்ல” என்று சொல்லி, ராஜாவின் தலையிலிருந்து கலைக்க ஆரம்பித்தேன். மதினிக்கு மனசு கேட்கவில்லை. “ஏன் இப்படிப் பண்ற” என்று ஒரு துண்டை எடுத்துத் திரும்ப வைக்கப் போனார்.

“இடது கையால வைங்க மதினி.”

என்னைப் பார்த்தார். பிறகு இடது கைக்கு மாற்றினார். துண்டு இரண்டு முறை திரும்பிக்கொண்டது, மூன்றாம் முறை கீழே விழுந்தது. எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வளையலை மேலே தள்ளிக்கொண்டார். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கை இனிமேல் இவ்வளவுதான் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அண்ணன் மகளிடம் இரண்டாயிரம் துண்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை ராணியாக இருந்தால் நல்லது என்றும் சொன்னேன்.