பேய்ப்படமும் மாமாவின் கம்பளியும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா இறந்ததும் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்துவிட்டார்கள். எழுத்து அங்கங்கே தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேய்ப்படத்தைப் பற்றி எழுத எனக்குத் தயக்கமில்லை. இந்த வயதிலும் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் ஒன்று கிடைத்தால் சோற்றை மறந்து உட்கார்ந்துவிடுவேன்.

இத்தனைக்கும் நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இலங்கை மலையகத்தில் லிந்துலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், மலைச்சரிவில் இருந்தது எங்கள் வரிசை வீடு, லயம் என்போம். மழை பிடித்தால் பின்பக்கத்து மண் சரிந்துவிடுமோ என்று பயம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அம்மா இருமினால் பயம், இருமாமல் தூங்கினால் அதைவிடப் பயம். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஆனாலும் நெஞ்சு அடங்காது. பேய்ப்படத்தில் அப்படி இல்லை. பயப்பட வேண்டியது இதுதான் என்று நேராக முன்னால் வந்து நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குள் யாராவது அதைக் கொன்றுவிடுவார்கள். விளக்கைப் போட்டதும் வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடித்தால் உடம்பு லேசாகிவிடும்.

ஐம்பதுகளின் பிற்பாதியில், மாதத்தில் ஒரு ஞாயிறு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறுவேன். அங்கே மேட்னிக்கு இங்கிலீசுப் படம் போடுவார்கள். பின்னால் நாற்காலியில் துரைமார், முன்னால் பெஞ்சில் நாங்கள். எனக்கு இங்கிலீசு தெரியாது. பேய்ப்படத்துக்கு அது அவ்வளவாகத் தேவையும் இல்லை. கதவு தானாகத் திறந்தால் உள்ளே போகக்கூடாது என்று எனக்குத் தெரியும், படத்தில் வரும் வெள்ளைக்காரிக்குத்தான் தெரியாது. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்காருவார். "உள்ளுக்குப் போகாத புள்ள, போகாத!" என்று அவளுக்குத் தமிழிலேயே புத்தி சொல்லுவார். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில், தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மகளை எனக்குப் பேசிப் பரிசமும் போட்டார்கள். தூரத்து உறவு, அவர் எனக்கு மாமா முறை. அவளைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பயம் பரிசம் போட்ட அன்றே தொடங்கிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிறு நான் பார்த்த படத்தில், கறுப்பு அங்கி போட்ட பிரபு ஒருவன் பகலெல்லாம் பெட்டிக்குள் படுத்திருந்துவிட்டு இரத்தம் குடிக்கக் கிளம்புவான். பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் நடந்தேன். மாலை ஐந்து மணிதான் இருக்கும். ஆனால் பனி இறங்கி அடுத்த செடி தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து, தலையிலிருந்து முழங்கால் வரை கறுப்பாக ஒன்று வந்து என் முன்னால் நின்றது. வாயைத் திறந்தது. வாய் முழுக்கச் சிவப்பு. மோவாயிலும் வழிந்தது.

நான் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டதாம். ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அது மாமா. போட்டிருந்தது மழைக்கு எல்லாரும் போடுகிற கம்பளி. வாயில் வெற்றிலை. "வாங்க மாப்ள" என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பூசைக்கு இரண்டு டிவிஷன் ஆட்களும் வந்திருந்தார்கள். மாமா என் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பூசை முடிந்ததும் அம்மாவிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒம் மகனுக்கு வலிப்பா, பேயா? பொண்ணக் குடுக்க முன்னாடி எனக்குத் தெரியணும்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்கண்ணே."

"அப்ப என்னயக் கண்டு ஏன் ஓடுனாரு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். பதற்றம் வந்தால் என் வாய் நிற்காது. "படத்துல வந்தவரு மாதிரியே இருந்தீங்க மாமா. ரத்தம் குடிக்கிறவரு."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கங்காணி ரத்தம் குடிக்கிறது இப்பத்தான் ஒனக்குத் தெரியுமாடா?"

கோயில் முற்றமே சிரித்தது. மாமாவின் முகம் கறுத்தது.

"படம் பாத்துப் பாத்துக் கிறுக்குப் புடிச்சிருக்கு. இனிமே படக்கொட்டாய்ப் பக்கமே போகமாட்டேன்னு ஆத்தா முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். இல்லேன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுருவோம்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் செய்யும் சத்தியத்தை மீறினால் வருசம் திரும்புவதற்குள் உயிர் போகும் என்பது எங்கள் நம்பிக்கை. நான் மீறிவிடுவேன் என்று எனக்கே தெரியும். சத்தியம் செய்யாவிட்டால் அவள் இல்லை. பூசாரி வெற்றிலையில் சூடத்தை ஏற்றி என் முன்னால் வைத்தார். அம்மா அழத் தொடங்கினாள். கையைத் தூக்கினேன்.

"இருங்க."

பெண்கள் பக்கமிருந்து அவள் எழுந்து வந்தாள். அவள் குரலை அன்றுதான் பக்கத்தில் கேட்டேன்.

"யாருக்காகப்பா இந்தச் சத்தியம்?"

"ஒனக்காகத்தான்டி."

"இவரப் பாத்தா படம் பாக்காம இருக்கிறவரு மாதிரியா இருக்கு? இன்னிக்குப் பண்ணுவாரு, ஆறு மாசத்துல மீறுவாரு. அப்புறம் தாலியறுத்துட்டு நிக்கிறது யாரு, நீங்களா நானா?"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடம் தானாக எரிந்து முடிந்தது.

"அப்ப என்னதான்டி செய்யச் சொல்ற?" என்றார் மாமா.

"போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போகட்டும். ஓடுனா நான் புடிச்சிக்கிறேன்."

மாமா காகிதத்தைப் பிரித்துச் செருப்பை என் காலடியில் போட்டார். "போட்டுக்குங்க மாப்ள. கால் குளிருது பாருங்க."

தை மாதம் கல்யாணம். மூன்றாவது ஞாயிறு அவளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். அவள் பயந்துபோய் இனி வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது என்று பஸ்ஸில் எனக்கு ஒரே கவலை. படத்தில் கல்லறை திறந்தது, கை வெளியே வந்தது, பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் நிதானமாகக் கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "இதுக்கா அப்படி ஓடுனீங்க?" என்று அவள் கேட்டது பின்னால் துரைமார் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு எத்தனையோ படம் போனோம். ஒன்றில்கூட அவள் பயந்ததில்லை, ஒன்றுகூட அவளுக்குப் பிடித்ததும் இல்லை. ஆனாலும் என்னைத் தனியாக விட்டதில்லை. உரித்த கச்சானில் பாதியை என் கையில் வைத்துவிட்டு, "அங்கிட்டுப் பாருங்க, ஒங்க ஆளு வந்துட்டான்" என்பாள்.