ழெர்ப் என்றொரு சொல்

போலீஸ் மாடியேறி வந்தபோது மொட்டைமாடியில் நான் இருந்தேன், ஹனீபா நானா இருந்தார், துணி உலர்த்திக்கொண்டு அவருடைய வியத்நாமிய மனைவி லான் அக்கா இருந்தார். எங்கள் பேராசிரியர் இல்லை. விடுமுறைக்கு மலைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை எழுத நேர்ந்திருக்காது.

சைகோனில் வெயிலும் மழையும் ஒரே பிற்பகலில் வந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மழையும் ஓயாமல் பெய்கிறது என்பது ஆய்வுக்கூட உதவியாளனாகச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து ஒரு துகள் வந்து காற்றில் மோதிச் சிதறுகிறது. சிதறியவை மேலும் சிதறி, ஒரு தெருவின் அகலத்துக்கு நம்மேல் இறங்குகின்றன. கூரையையும் குடையையும் துளைத்துப் போகின்றன. யாருக்கும் வலிப்பதில்லை. உள்ளங்கையை வெயிலில் நீட்டியபடி, இப்போது எத்தனை போயிருக்கும் என்று நெடுநேரம் உட்கார்ந்திருப்பேன். துகள் பட்டால் மணியடிக்கும் மூன்று பெட்டிகளை மூன்று மாடிகளில் வைத்துக் கம்பியால் இணைத்திருந்தோம். ஒன்று மட்டும் அடித்தால் பொருட்டில்லை. மூன்றும் ஒரே கணத்தில் அடித்தால், மேலே ஏதோ உடைந்திருக்கிறது. மூன்றாவது பெட்டி, காரைக்காலிலிருந்து வந்து சந்தையருகே துணிக்கடை வைத்திருந்த நானாவின் மாடியில். இடம் கேட்டபோது, "மேலேர்ந்து வுழுறதுல எனக்கும் ஒரு பங்கு குடு தம்பி, போதும்" என்றார்.

இந்தச் சிதறலுக்குப் பிரெஞ்சில் ழெர்ப் என்று பெயர். காரைக்கால் பள்ளியில் அதற்கு நான் படித்த பொருள் கதிர்க்கட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாத்தியார் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதிய நாளில் அப்பா யார் வயலிலோ அதைத் தலையில் சுமந்துகொண்டிருந்தார். தமிழில் நெல்லுக்கும் கதிர், ஒளிக்கும் கதிர். அதில் கொஞ்சம் மயங்கித்தான் போனேன். இன்னொரு பொருள் இருக்கக்கூடும் என்று தேடவில்லை.

பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துத் தெருவில் குண்டு வெடிக்கும் காலம். மாடிக்கு மாடி கம்பி ஓடினால் சந்தேகம் வராதா? படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் நானா என் காதில், "துணி காயப் போடுற கம்பின்னு சொல்லிடு. படிச்சதையெல்லாம் போலீசுகிட்ட ஒப்பிச்சிக்கிட்டு நிக்காதே" என்றார். லான் அக்கா சட்டென்று ஓர் ஈரச் சட்டையைக் கம்பியில் போட்டார். நான் கேட்கவில்லை. பொய் சொல்லவா படித்தேன்? வெள்ளைக்கார அதிகாரியின் முன் நிமிர்ந்து நின்று, மூன்று பெட்டியும் சேர்ந்து அடிக்கக் காத்திருக்கிறோம், அடித்தால் ழெர்ப் விழும் என்றேன்.

"யாருக்கு?" என்றார் அவர்.

"எல்லாருக்கும், முசியே. உங்களுக்கும்."

சாவுக்கு வைக்கும் மலர்வளையமும் ழெர்ப்தான் என்பது, என்னையும் நானாவையும் கொண்டுபோன காவல்நிலையத்தில்தான் தெரிந்தது. அந்த வாரம் ஒரு ஜெனரல் போர் நினைவுத்தூணில் ழெர்ப் வைக்கவிருந்தாராம். அவரைக் கொல்ல நாங்கள் சமிக்ஞைக்குக் காத்திருந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

பேராசிரியர் மலையிலிருந்து இறங்கி வந்து ஒரு மணி நேரம் கத்தியதில் என்னை விட்டார்கள். நானாவுக்காகக் கத்த ஆளில்லை. பழியெல்லாம் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். என் பிரெஞ்சை இன்னொரு முறை நம்ப அவர்கள் தயாராயில்லை. அவருடைய தங்கும் அனுமதியை ரத்து செய்து, அடுத்த கப்பலில் ஊருக்குப் போகச் சொன்னார்கள். லான் அக்காவுக்குப் பயணப் பத்திரம் கிடைக்கவில்லை.

துறைமுகத்தில் நானா என்னைத் திட்டவில்லை. "அங்கே போயி வியத்நாம் பாஷையில யாருகூட தம்பி சண்டை போடுவேன்?" என்று மட்டும் கேட்டார். லான் அக்கா, காரைக்கால் தமிழில், வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார்.

நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஆன மொத்தச் செலவு: ஒரு துணிக்கடை, பதினெட்டு வருடக் குடித்தனம், கப்பலில் ஒருவர், கரையில் ஒருவர்.