இன்ஸ்பெக்டர் வந்த அன்று மூழ்கிய பூச்சிகள்

தண்ணீர் மேல் நடக்கிற பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். கால் நனையாது. பரம சாதுவைப் போல நிற்கும். ஓர் எறும்பு தவறி விழுந்து துடித்தால் போதும், அந்தச் சிற்றலையைக் காலாலேயே உணர்ந்து பாய்ந்து வந்து உறிஞ்சிவிடும். பசிக்குச் செய்கிறது, அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

சுதந்திரம் வந்த புதிது. மைசூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. அப்பா படுத்த படுக்கை. வீட்டில் அடுப்பு எரிவதே என் சம்பளத்தில்தான். இன்ஸ்பெக்டர் என் பாடத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு, தலைமையாசிரியையும் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரமாகும். அதற்காகவே காலையில் குக்கரஹள்ளி ஏரியில் இறங்கி, சேலையெல்லாம் சேறாக, டீ வடிகட்டியால் அந்தப் பூச்சிகளைப் பிடித்து வந்தேன். தண்ணீருக்கும் மேலே ஒரு மெல்லிய தோல் உண்டு என்பதுதான் பாடம்.

மேசைமேல் அகலமான பேசினில், ஏரித் தண்ணீரில் அவை ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டரை அழைத்துவர நான் வாசலுக்குப் போன நேரத்தில் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்திருக்கிறார். எங்கள் சபையில் சுத்தம் பக்தியில் பாதி. பெரிய மனிதர் வருகிற அறையில் ஏரி நாற்றமா? சந்தன சோப்பைக் கரைத்துப் பேசினில் ஊற்றிவிட்டார். மைசூர்க்காரர்களுக்கு எல்லா நாற்றத்துக்கும் அதுதான் மருந்து.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது பூச்சிகள் அடியில் கிடந்தன; பக்கத்தில் தலைமையாசிரியை காலிக் குவளையோடு நின்றார். "என்னம்மா இது?" என்று இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். வாசனையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது: சோப்பு பட்டால் தண்ணீரின் தோல் கிழிந்துவிடும். ஆனால் யாருடைய நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கிறேனோ, அவரையே எப்படிக் காட்டிக்கொடுப்பது? அவராகச் சொல்லுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் வாயைத் திறந்தார்.

"புது டீச்சர் சார். அனுபவம் பத்தாது."

இன்ஸ்பெக்டர் போன பிறகு தலைமையாசிரியையிடம் சோப்பு விஷயத்தை விளக்கினேன். அவர் மறுக்கவில்லை. "எனக்குத் தெரியாமப் போச்சும்மா. அதுக்காக இன்ஸ்பெக்டர் முன்னாடி நான்தான் கெடுத்தேன்னு சொல்ல முடியுமா? என் மானம் என்னாகிறது?"

வேலை போயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காகத் தினமும் ஜெபம் பண்றேம்மா" என்றார்.

"ரொம்ப தேங்க்ஸ்மா" என்றேன்.

அவர் செய்ததைக்கூட எப்போதோ மன்னித்துத் தொலைத்துவிட்டேன். அந்த தேங்க்ஸை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.