சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கம்

நாரின் என்கிற மலையூரில் எங்கள் மருந்துக்கடையில் நானும் உபெலும் பதினாறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். மருந்தெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்டவள் முப்பத்தெட்டு வயதில் தபால் வழியாகச் சட்டம் படிக்கக் கிளம்பியபோது ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

காரணம், எமில் என்கிற ஐந்து வயதுப் பையன். வலிப்பு நோய்க்காரன். அவனுடைய அம்மா ஜிபாரா, டாக்டர் கொடுத்த சீட்டோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சீட்டில் இருந்தது நாட்டின் பதிவுப் பட்டியலிலேயே இல்லாத மருந்து. அப்படி ஒன்றைக் கொடுத்தால் ஜெயில் என்று எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது. துருக்கியிலிருந்து யாரோ கொண்டுவந்த அதே மருந்து இரண்டு பெட்டி உபெலின் மேஜை டிராயரில் கிடந்தது. பயந்துபோய் இல்லை என்று சொல்லிவிட்டாள். நாலாம் நாள், தலைநகர் பிஷ்கேக் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், காருக்குள்ளேயே பையன் போய்விட்டான்.

சட்டம் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு நாள் புத்தகத்தோடு கடைக்கு ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"குடுக்கலாம்னு இருக்குடி! டாக்டர் சீட்டு இருந்தா அந்த ஒரு நோயாளிக்குக் குடுக்கலாமாம். அன்னைக்கே இருந்திருக்கு."

சுற்றறிக்கை வந்தால் முதல் பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, மிச்சத்தை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொள்வது எங்கள் கடை வழக்கம். அந்த விதி இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. அடுப்புப் பற்றவைக்கிறவள் நான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் உபெல் வீட்டில் எண்ணெய் காய்ந்தது. செத்தவர்களுக்கு வாசம் போய்ச் சேரட்டும் என்று மாவு பொரிப்பது சொந்தக்காரர்கள் செய்கிற காரியம். "பைத்தியமா உனக்கு? ஊரான் பிள்ளைக்கு நீ எதுக்குப் பொரிக்கிற?" என்று கத்தினேன்.

"கடை வாசல்ல வந்து நிக்கிறான்டி. பசியோட நிக்கிறான்."

இன்றைக்கும் அந்த வாசலைத் தலைகுனிந்தேதான் தாண்டுகிறேன்.

போன வசந்தத்தில், அதே நோயுள்ள ஒரு சிறுமிக்கு வந்த மருந்தைச் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உபெல்தான் வக்கீல். "நானும் வர்றேன்க்கா. என் பிள்ளைக்குக் கிடைக்காதது அந்தப் பொண்ணுக்காவது கிடைக்கட்டும்" என்று ஜிபாராவும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். டிராயர் விஷயம் பாவம் அவளுக்குத் தெரியாது. ஒன்பது வருடமாகச் சட்டத்தைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "இத்தனை வருஷமா இருக்கிற விதி. இந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூடவா தேவைப்படல? இப்ப மட்டும் என்ன அவசரம்?"

நான் பின்னாலிருந்து உபெலின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "வாயைத் திறக்காதே!" அவள் கேட்டால்தானே.

"தேவைப்பட்டுச்சு. மருந்து என் டிராயர்லயே இருந்துச்சு. விதி எனக்குத் தெரியல. மருந்து இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். பையன் செத்துட்டான்."

மருந்தை அன்றைக்கே விடச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார். சிறுமியின் அப்பா தேம்பித் தேம்பி அழுதார்.

தாழ்வாரத்தில் ஜிபாரா எங்களை நோக்கி வந்தாள். அடித்துவிடுவாளோ என்று நான் நடுவில் போய் நின்றேன். அவள் குரலே உயரவில்லை.

"எந்த டிராயர்க்கா?"

"ஜன்னலோர மேஜை. கீழ் டிராயர்."

"பித்தளைக் கைப்பிடி போட்டதா?"

"அதேதான்."

"அன்னைக்கு அதைத்தான் பிடிச்சு இழுத்துக்கிட்டே நின்னான். அடுத்தவங்க சாமானைத் தொடாதேன்னு நான்தான் கையில ஒரு அடி போட்டேன்."