ஜமீன் பங்களாவின் கிழக்கு அறை

எங்கள் கல்லூரி நடப்பது பழைய ஜமீன் பங்களாவில். விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகும் சாலையில் பீங்கான் சூளைகளைத் தாண்டியதும் வலப்பக்கம். நான் அங்கே வரலாறு நடத்துகிறேன். அதனால் யார் பார்வையிட வந்தாலும் கட்டடத்தின் கதையைச் சொல்கிற வேலை என் தலையில் விழும். பெண்கள் படிப்பதற்காக ஜமீன்தார் தன் மாளிகையையே கொடுத்தார் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

போன வருடம் ஆய்வுக்குழு வந்தபோது, ஜமீன் குடும்பத்தில் ஒருவரை மேடையில் உட்காரவைக்கக் கல்லூரி முதல்வர் ஆசைப்பட்டார். ஜமீன்தாரின் மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை, சேத்தியாத்தோப்பில் இருந்தார். போய்க் கூப்பிட்டேன், சம்மதித்தார்.

அன்று பஸ்ஸில் வந்து இறங்கியவர், "மேடைக்கு அப்புறம் போவலாம். மாடில கெழக்கு ரூம ஒருவாட்டி பாத்துக்கறேன்" என்றார்.

இப்போது அங்கே பழைய விடைத்தாள் கட்டுகள் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க அத்தை இங்கதான் இருந்தாங்க. அப்பாவோட தங்கச்சி. சின்ன வயசுலயே புருஷன் தவறிட்டாரு. கூட்டியாந்து இந்த ரூமுல வுட்டாங்க. சாவற வரைக்கும் கீழ எறங்க வுடல. நான்தான் சோறு எடுத்தாருவேன். ஸ்கூலுல என்ன நடத்துனாங்கன்னு தெனம் கேப்பாங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அப்பாவ எதுத்து யாரு பேசறது?" என்றவர், என்னைப் பார்த்தார். "நீங்க கீழ பேசறப்ப இதயும் சொல்லுவீங்களா?"

"சொல்றேங்க."

சொன்னேன். முதல்வர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுத்தலைவர் மாணவிகளுக்குக் குடிநீர் வசதி எப்படி என்று கேட்டார். மேடையில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல், "போயிட்டு வரேங்க" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம், பார்வையிட வருகிறவர்களுக்குக் கதை சொல்கிற வேலை வேறொருவரிடம் போனது. "உங்களுக்கும் ரெஸ்ட் வேணுமில்லீங்களா, மேடம்" என்றார் முதல்வர். கோபப்படத் தெம்பில்லை. உண்மையில் அப்பாடா என்றிருந்தது.

ஆனால் வகுப்பில், அன்று அரங்கில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேம், அந்த அத்தை பேரு என்ன?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி சேத்தியாத்தோப்புக்குப் போனேன். அந்த அம்மா பெயரைச் சொன்னார். இன்னொரு முறை, எனக்காக இல்லாமல், மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். டீ கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு விருத்தாசலம் வரை நின்றபடியே வந்தேன். மறுநாள் முதல் வகுப்பில் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன்.